குணத்துக்கு உடம்பில் விலாசம் உண்டா?

2011 ஜூலையில் ஜப்பானின் மறுசீரமைப்பு அமைச்சர் ரியூ மட்சுமோட்டோ, பதவிக்கு வந்த கையோடு ராஜினாமா செய்தார். சுனாமி சிதைத்த மாகாணங்களுக்குப் போனவர், அங்கே ஆளுநர்களிடம் எடுத்தெறிந்து பேசியது தொலைக்காட்சியில் வந்துவிட்டது. அதற்கு அவர் சொன்ன சமாதானங்களில் ஒன்று: தம்முடையது 'பி' வகை ரத்தம், அதனால் சில சமயம் வார்த்தை தடித்துவிடுகிறது. வெளிநாட்டுப் பத்திரிகைகள் சிரித்தன. ஜப்பானில் பலருக்கு அது அவ்வளவு வினோதமாகப் படவில்லை. தாகேஜி ஃபுருகாவா என்ற பேராசிரியர் 1927இல் கிளப்பிவிட்ட கருத்து அது. 1971இல் மசாஹிகோ நோமி அதைப் புத்தகமாக்கி வீடுவீடாகக் கொண்டுசேர்த்தார். 'ஏ' வகை என்றால் ஒழுங்கு, 'பி' என்றால் தன் போக்கு என்று பெண் பார்ப்பதிலிருந்து ஆள் எடுப்பது வரை அது புகுந்துவிட்டது. ஜப்பானிலும் அமெரிக்காவிலுமாகப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பதில்களை வைத்து 2014இல் வெளியான ஆய்வில், 68 கேள்விகளில் 65இல் ரத்த வகைக்கேற்ற வித்தியாசம் எதுவும் தென்படவில்லை. மிச்சமிருந்த மூன்றிலும் வித்தியாசம் பேருக்குத்தான் இருந்தது.

அமைச்சர் நம்பியது தவறு. ஆனால் அதற்கு அடியில் இருக்கும் நினைப்பு, அதாவது குணம் உடம்பிலிருந்து வருகிறது என்பது, முழுத் தவறு என்று இன்று எந்த மருத்துவரும் சொல்லமாட்டார். எவ்வளவு வருகிறது, எந்த வழியாக வருகிறது என்பதில்தான் இரண்டாயிரம் வருடத்துச் சண்டை.

கிரேக்க மருத்துவம் ரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்று நான்கு நீர்களைச் சொன்னது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் காலென் அதைச் சுபாவ வகைகளாக விரித்தார். நம் சித்த மருத்துவத்தில் வாதம், பித்தம், கபம் என்ற மூன்று. கோபக்காரரைப் 'பித்த உடம்பு' என்று சொல்லும் பழக்கம் இன்னும் போகவில்லை. இந்தப் பழைய கணக்குகளில் நான் மதிக்கும் ஒரு விஷயம் உண்டு: அவை குணத்தைக் கூடிக் குறையும் அளவாகப் பார்த்தன. சாப்பாடு, பருவகாலம், வயது எல்லாம் அந்த அளவை மாற்றும் என்று எண்ணின. பின்னால் வந்தவர்கள் அந்த நெகிழ்ச்சியைக்கூட விட்டுவைக்கவில்லை. 1800ஐ ஒட்டிய வருடங்களில் வியன்னாவில் ஃபிரான்ஸ் யோசஃப் கால், மண்டையோட்டு மேடுகளைத் தடவி 27 மனத்திறன்களைச் சொல்லிவிடலாம் என்றார். 1876இல் இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோ, தாடையையும் காதையும் பார்த்தே பிறவிக் குற்றவாளியை அடையாளம் காணலாம் என்று புத்தகம் எழுதினார். 1940களில் அமெரிக்காவின் வில்லியம் ஷெல்டன் குண்டு, கட்டுமஸ்து, ஒல்லி என்று உடல்வாகை மூன்றாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுபாவத்தை ஒட்டவைத்தார். உடல்வாகுக்கு மதிப்பெண் போட்டவரும் சுபாவத்துக்கு மதிப்பெண் போட்டவரும் அவரேதான். இரண்டும் அழகாகப் பொருந்திப்போனதில் ஆச்சரியமில்லை.

இதெல்லாம் ஐரோப்பியப் புத்தகங்களோடு நின்றிருந்தால் வேடிக்கையாகவே படித்துவிட்டுப் போகலாம். இந்தியாவில் இதே நினைப்பு சட்டமாக வந்தது. 1871இல் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. குற்றம் செய்யும் இயல்பு சில சாதிகளில் தலைமுறை தலைமுறையாக இறங்குகிறது என்பதுதான் அதன் அடிப்படை. மதுரைப் பக்கம் அதற்கு 'ரேகைச் சட்டம்' என்று பெயர். ஊர்க்காரர்கள் வரிசையில் நின்று கைரேகை வைக்க வேண்டும், இரவில் காவலுக்கு அடங்க வேண்டும். உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்துத் திரண்டவர்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் ஒரு பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். சென்னை மாகாணத்தில் சட்டம் ஒழிய 1947 ஆயிற்று. குணத்தின் உயிரியலை எழுதுகிறவர் எவரும் இதைத் தாண்டிக் குதித்துப் போகக் கூடாது என்பது என் எண்ணம்.

ஆய்வகத்துக்குள் இந்தக் கேள்வியை ஒழுங்காகக் கொண்டுவந்தவர் என்று ஹான்ஸ் ஐசெங்கைச் சொல்ல வேண்டும். பெர்லினில் 1916இல் பிறந்து, நாஜிகளைப் பிடிக்காமல் லண்டனுக்கு வந்தவர். 1967இல் எழுதிய புத்தகத்தில் அவர் வைத்த வாதம் இது: மூளைத்தண்டிலிருந்து மேலே போகும் ஒரு நரம்பு வலை, மூளையை விழிப்பில் வைக்கிறது. சிலருக்கு அந்த விழிப்பு இயல்பிலேயே தூக்கலாக இருப்பதால் சத்தமும் கூட்டமும் சீக்கிரம் திகட்டிவிடுகின்றன; அவர்கள் ஒதுங்குகிறார்கள். மற்றவர்களுக்கு அது மந்தம். கலகலப்பைத் தேடி அவர்களே போகிறார்கள். இதைச் சோதிக்க எலுமிச்சைச் சாறு போதும். இரண்டு முனையிலும் பஞ்சுள்ள குச்சியின் நட்டநடுவே நூலைக் கட்டி, ஒரு முனையை நாக்கில் வைத்து எடுக்கிறார்கள். பிறகு நாக்கில் நான்கு சொட்டுச் சாறு விட்டு, மறுமுனையை வைத்து எடுக்கிறார்கள். நூலைப் பிடித்துத் தூக்கினால் குச்சி சாயும். ஒதுங்கும் சுபாவக்காரரின் குச்சி சாறு பட்ட பக்கம் அதிகம் சாயும் என்பது கணிப்பு. உளவியல் வகுப்புகளில் பல காலம் செய்து காட்டப்பட்ட சோதனை இது. பல நேரம் பலித்தும் இருக்கிறது. ஆனால் மூளை விழிப்பை நேரடியாக அளக்கப் போனபோது முடிவுகள் அவ்வளவு சுத்தமாக வரவில்லை. ஐசெங்கிடம் பயின்று, பின்னர் அவருடைய நாற்காலியிலேயே உட்கார்ந்த ஜெஃப்ரி கிரே, வேறு பாதை பிடித்தார். தண்டனைக்கு உஷாராகும் அமைப்பு ஒன்று, பரிசை நோக்கிப் பாயும் அமைப்பு ஒன்று, இவை இரண்டும் ஆளுக்கு ஆள் எந்த அளவில் முறுக்கேறியிருக்கின்றன என்பதே சுபாவம் என்றார். இன்றைய ஆய்வுகள் பெரும்பாலும் கிரேயின் பிள்ளைகள்.

இயல்பான மனிதர்களை அளப்பதைவிட, ஏதோ ஒன்று பழுதானவர்களைப் பார்க்கும்போதுதான் உடம்பின் கை வெளியே தெரிகிறது. எல்லோரும் தொடங்கும் இடம் ஃபினியஸ் கேஜ். 1848 செப்டம்பர் 13, அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் கேவண்டிஷ் என்ற ஊர். ரயில் பாதைக்குப் பாறையை வெடிவைத்துத் தகர்க்கும் வேலையில் 25 வயது மேஸ்திரி. வெடிமருந்தைக் கெட்டிக்கும்போது பொறி பறந்து, மூன்றரை அடிக்கு மேல் நீளமும் ஆறு கிலோ எடையும் கொண்ட இரும்புக் கம்பி இடது கன்னத்தில் நுழைந்து உச்சந்தலை வழியாக வெளியேறியது. பிழைத்துக்கொண்டார். சிகிச்சை தந்த மருத்துவர் ஹார்லோ இருபது வருடம் கழித்து எழுதிய குறிப்பில், பொறுப்பான அந்த மேஸ்திரி வாய்க்கு வந்ததைப் பேசும், எதிலும் நிலைக்காத ஆளாகிவிட்டார், பழைய ஆளே இல்லை என்று நண்பர்கள் சொன்னதாக வருகிறது. பாடப்புத்தகங்கள் அத்தோடு முடித்துவிடுகின்றன. ஆனால் கேஜ் பிறகு சிலி நாட்டுக்குப் போய், ஏழெட்டு வருடம் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தார். பயணிகளைச் சமாளித்து, பல குதிரைகளை ஒரே கையில் அடக்கி, மலைப்பாதையில் நேரம் தவறாமல் போகும் வேலை அது. நிலைகொள்ளாத ஆள் இரண்டு நாள்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. 2009இல் அடையாளம் காணப்பட்ட அவருடைய பழைய புகைப்படத்தில் நல்ல கோட்டு, வாரிய தலை, மூடிய ஒரு கண், கையில் அதே கம்பி. மூளையின் முன்பகுதி சேதமானால் குணம் மாறும் என்பதற்கு அவர் சாட்சி. கொஞ்ச வருடத்தில் தேறி வரவும் முடியும் என்பதற்கும் அவரே சாட்சியாக இருக்கலாம்.

இன்னொருவர், ஆய்வு உலகத்தில் எஸ்.எம். என்ற இரண்டெழுத்தால் மட்டும் அறியப்படும் பெண். அபூர்வமான மரபு நோயால் மூளையின் இரு பக்கமும் அமிக்டலா என்ற பாதாம் பருப்பு அளவுப் பகுதி அழிந்துவிட்டவர். அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவரைப் பாம்பு விற்கும் கடைக்கு அழைத்துப் போனார்கள். பாம்பென்றால் பிடிக்காது என்று சொல்லிக்கொண்டிருந்தவர், அங்கே போனதும் ஒன்றைக் கையில் எடுத்து மூன்று நிமிடத்துக்கு மேல் தடவிக்கொண்டிருந்தார். ஆபத்தான பெரிய பாம்புகளையும் தொடலாமா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பேய்வீடு என்று பெயர் வாங்கிய வேவர்லி ஹில்ஸ் பழைய ஆஸ்பத்திரிக்குப் போனபோது, கூட வந்தவர்கள் அலற, இவர் முன்னால் நடந்தார். பேய் வேஷம் போட்டு வந்தவரின் தலையைத் தொட்டுப் பார்த்ததில் பயந்துபோனது வேஷக்காரர்தான். 2011இல் இது வெளியானதும் 'பயத்தின் இருப்பிடம் கண்டுபிடிக்கப்பட்டது' என்ற தொனியில் செய்திகள் ஓடின. இரண்டே வருடத்தில் அதே குழு அவருக்கும், அதே பாதிப்புள்ள இன்னும் இருவருக்கும் 35 சதவீதம் கரியமில வாயு கலந்த காற்றை ஒரு மூச்சு இழுக்கக் கொடுத்தது. மூவருமே கதிகலங்கிப் போனார்கள். எஸ்.எம். முகமூடியைப் பிடுங்கச் சொல்லிக் கையை ஆட்டினார். அதே சோதனையில் மூளை நன்றாக இருந்த 12 பேரில் மூன்று பேருக்குத்தான் அந்த அளவு பீதி வந்தது. பாம்பைக் கண்டு வரும் பயம் ஒரு வழி, மூச்சு முட்டும்போது உடம்புக்குள்ளிருந்து கிளம்பும் பயம் இன்னொரு வழி. இருப்பிடம் என்று ஒன்றைச் சொன்னவர்கள் இரண்டு வருடம் பொறுத்திருக்கலாம்.

இரண்டும் அபூர்வக் கதைகள். அன்றாட மருத்துவத்தில் இதைவிட உறைக்கும் சான்று ஒரு மாத்திரையில் இருக்கிறது. பார்க்கின்சன் நோயில் டோபமைன் சுரக்கும் செல்கள் மடிந்துபோகின்றன. டோபமைனைப் போல் நடிக்கும் பிரமிபெக்சோல் முதலான மருந்துகளைக் கொடுத்தால் கை நடுக்கமும் இறுக்கமும் குறைகின்றன. சிலருக்குக் கூடவே வேறொன்றும் வருகிறது. ஆயுள் முழுக்கக் கணக்கு எழுதிச் செலவு செய்தவர் சூதாட்ட மேஜையில் உட்காருகிறார். தேவையில்லாத சாமான்களை வாங்கிக் குவிக்கிறார். நடுராத்திரியில் எழுந்து சாப்பிடுகிறார். காமத்தில் நிதானம் இழக்கிறார். அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,090 நோயாளிகளைப் பார்த்து 2010இல் வெளியான ஆய்வில், இவ்வகை மருந்து சாப்பிட்டவர்களில் 17.1 சதவீதத்தினருக்கு இப்படி ஏதோ ஒரு கட்டுமீறல் இருந்தது. சாப்பிடாத நோயாளிகளில் 6.9 சதவீதம். அளவைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. குடும்பத்தில் பலர் இதை மருந்தோடு முடிச்சுப் போடுவதில்லை, 'வயசான காலத்துல புத்தி கெட்டுப்போச்சு' என்று திட்டிக்கொண்டிருப்பார்கள். சிக்கனம், அடக்கம் என்று நாம் பெருமையாகச் சொல்லும் குணங்கள் இவ்வளவு சின்ன ரசாயன மாற்றத்தில் ஆட்டம் காண்பது எனக்கு இன்னும் சீரணிக்கக் கடினமான உண்மை. ஆனால் அதே கணக்கை மறுபக்கம் புரட்டினால், மருந்து சாப்பிட்ட ஆறு பேரில் ஐந்து பேர் அப்படி ஆகவில்லை. இளவயது, புகைப்பழக்கம், குடும்பத்தில் சூதாட்ட வரலாறு இருந்தவர்களிடமே அது அதிகம் தெரிந்தது. ரசாயனம் எந்த ஆளுக்குள் போய் இறங்குகிறது என்பதும் கணக்கில் வருகிறது.

நோயை விட்டு, கைக்குழந்தைக்கு வருவோம். ஹார்வர்டில் ஜெரோம் கேகன் நான்கு மாதக் குழந்தைகளை நூற்றுக்கணக்கில் பார்த்தார். சாய்வு நாற்காலியில் குழந்தை. முகத்துக்கு மேலே வண்ணப் பொம்மைகள் ஆடும். ஒலிநாடாவில் முகம் தெரியாத குரல் பேசும். சாராய வாடை தோய்ந்த பஞ்சு மூக்கருகே வரும். முதுகுப்பக்கம் பலூன் வெடிக்கும். ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தை கைகாலை உதறி, முதுகை வளைத்து, வீறிட்டு அழும். ஐந்தில் இரண்டு குழந்தைகள் 'சரி, அப்புறம்?' என்பது போலப் பார்த்துக்கொண்டிருக்கும். அப்படி உதறிய குழந்தைகளே வளர வளரப் புதியவர்களைக் கண்டால் அம்மாவின் புடவைக்குள் ஒளியும் ரகமாக மாறும் வாய்ப்பு அதிகம். இரண்டு வயதில் மிகக் கூச்சமாக இருந்தவர்களை இருபதைத் தாண்டிய பிறகு ஸ்கேனில் வைத்து அறியாத முகங்களைக் காட்டியபோது, அவர்களின் அமிக்டலா மற்றவர்களுடையதைவிடக் கூடுதலாகத் துடித்தது. 2003இல் வெளியான முடிவு இது. கேகன் அழுத்திச் சொன்ன மறுபாதியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கைகால் உதறிய குழந்தைகளில் கடைசிவரை கூச்சத்தோடு நின்றவர்கள் பாதிக்கும் குறைவு. பெரும்பாலோர் நடுவாந்தரமாக ஆனார்கள். ஆனால் சபையைக் கலக்கும் அரட்டைக்காரராக மாறியவர்கள் மிகக் குறைவு. பிறவிச் சுபாவம் எங்கே போய்ச் சேர்வோம் என்று சொல்வதைவிட, எங்கே போய்ச் சேர்வது கஷ்டம் என்று சொல்வதில் கெட்டி.

இந்தச் சுபாவத்தில் பரம்பரையின் பங்கு என்ன? இரட்டையர் ஆய்வுகள்தான் இதற்கான பழைய வழி. 1979இல் மினசோட்டாவில் தாமஸ் பூஷார்ட் ஆரம்பித்த ஆய்வு, குழந்தைப் பருவத்திலேயே பிரிக்கப்பட்டு வெவ்வேறு வீடுகளில் வளர்ந்த இரட்டையர்களைத் தேடிப்பிடித்தது. முதல் ஜோடி, 39 வயதில் சந்தித்துக்கொண்ட இரண்டு ஜிம்கள். இருவரின் முதல் மனைவியும் லிண்டா, இரண்டாம் மனைவியும் பெட்டி, இருவரின் நாயும் டாய். பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம், லிண்டாவைத் தேடிக் கட்டிக்கொள்ளும் மரபணு இருக்க முடியாது என்பதை யோசிக்க யாருக்கும் நேரமில்லை. கனமான முடிவு வேறு: பிரிந்து வளர்ந்த ஒருகரு இரட்டையர், குணச் சோதனைகளில் சேர்ந்து வளர்ந்தவர்கள் அளவுக்கே ஒத்திருந்தார்கள். ஐம்பது வருடத்து இரட்டையர் ஆய்வுகளைத் திரட்டிய 2015ஆம் ஆண்டுக் கட்டுரை, 17,804 பண்புகளைச் சேர்த்துப் பார்த்து, ஆட்களுக்கிடையிலான வித்தியாசத்தில் மரபின் பங்கு சராசரி 49 சதவீதம் என்றது. குணத்தை மட்டும் எடுத்த இன்னொரு தொகுப்பு 40 சதவீதம் என்றது.

இந்த 40ஐப் படிப்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். என் கோபத்தில் 40 சதவீதம் அப்பா தந்தது, 60 சதவீதம் நானாகச் சேர்த்தது என்று பொருளல்ல. ஒரு கூட்டத்தில் ஆட்கள் ஒருவரிலிருந்து ஒருவர் வேறுபடுவதில் எவ்வளவு மரபு வித்தியாசத்தோடு சேர்ந்து போகிறது என்பதே அந்த எண். தனியாள் ஒருவரைப் பற்றி அது வாயே திறப்பதில்லை. கூட்டமும் சூழலும் மாறினால் எண்ணும் மாறும். இதே ஆய்வுகள் சொன்ன இன்னொரு முடிவு பெற்றோரைத்தான் அதிகம் உறுத்துகிறது: ஒரே வீட்டில் வளர்வது என்பது, அண்ணன் தம்பியின் குணத்தை ஒன்றுபோலாக்கப் பெரிதாக உதவுவதில்லை. ஒரே அடி மூத்தவனை அடக்குகிறது, இளையவனை முரடாக்குகிறது.

மரபு உண்டு என்றால் மரபணு எது? 1996இல் இரண்டு பதில்கள் வந்து பரபரப்பாயின. டோபமைன் ஏற்பி ஒன்றின் மரபணு புதுமை தேடும் குணத்தோடும், செரட்டோனினைக் கடத்தும் புரதத்தின் மரபணு பதற்றத்தோடும் தொடர்புடையவை என்றார்கள். 2003இல் நியூசிலாந்தின் டனீடன் ஆய்வு, அந்த இரண்டாவது மரபணுவின் ஒரு வடிவம் உள்ளவர்கள், வாழ்க்கையில் அடிமேல் அடி விழுந்தால் மனச்சோர்வில் எளிதில் விழுகிறார்கள் என்றது. அழகான கதை. எத்தனையோ ஆய்வகங்கள் அதன் பின்னால் ஓடின. இத்தகைய கதைகள் நீதிமன்றம் வரை போயின: 2009இல் இத்தாலியின் ட்ரியெஸ்டே நகர மேல்முறையீட்டு நீதிமன்றம், வன்முறையோடு தொடர்புபடுத்தப்பட்ட மரபணு வடிவம் இருந்தது என்பதையும் கணக்கில் எடுத்து, ஒரு கொலைக் கைதியின் தண்டனையில் ஒரு வருடம் குறைத்தது. 2019இல் இலட்சக்கணக்கானோரின் தரவை வைத்து, மனச்சோர்வு விஷயத்தில் பேர்போன 18 மரபணுக்களைச் சோதித்தார்கள். குருட்டாம்போக்கில் எடுத்த மரபணுக்களைவிட அவை ஒரு துளியும் மேலாக இல்லை. இருபது வருட உழைப்பு கரைந்துபோனது. சிறிய எண்ணிக்கை, ஆசைப்பட்டதைக் கண்டுபிடிக்கும் அவசரம், தோற்ற முடிவுகளை அச்சேற்றாத இதழ்கள் ஆகிய மூன்றும் சேர்ந்தால் எந்தத் துறையிலும் இது நடக்கும்.

இப்போது முழு மரபணுத் தொகுதியையும் அலசுகிறார்கள். பதற்றக் குணத்துக்கு 4,49,484 பேரை வைத்து 2018இல் வந்த ஆய்வு 136 இடங்களைக் காட்டியது. ஒவ்வொன்றும் ஊசிமுனை அளவு பங்கு. பரவலாக உள்ள மரபு மாற்றங்கள் எல்லாவற்றையும் கூட்டினாலும் வித்தியாசத்தில் பத்தில் ஒரு பங்கு அளவே விளக்க முடிகிறது. ஆய்வுக்கு வந்தவர்களும் ஏறக்குறைய எல்லோரும் ஐரோப்பிய வழிவந்தவர்கள். அந்தக் கணக்கை அப்படியே நம்மூர்க் குழந்தையின் மரபணுவுக்குப் பொருத்துவது இன்னும் பலவீனம். மூளை ஸ்கேன் பக்கமும் இதே கதை. ஏறக்குறைய ஐம்பதாயிரம் பேரின் படங்களை ஆராய்ந்த 2022ஆம் ஆண்டுக் கட்டுரை, இத்தகைய தொடர்புகளை நம்பும்படி பிடிக்க ஆயிரக்கணக்கானவர்கள் வேண்டும் என்றது. இருபது முப்பது பேரை வைத்து எழுதிய பழைய கட்டுரைகள் பலவற்றின் கதி என்ன என்பதை வாசகரே ஊகிக்கலாம். நம்மூர்ப் பள்ளிகளிலோ இன்றும் பிள்ளைகளின் பத்து விரல் ரேகையை ஸ்கேன் செய்து, குணமும் திறமையும் இன்னது என்று வண்ண அறிக்கை விற்கிறார்கள். டி.எம்.ஐ.டி. என்ற இந்தச் சோதனைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மனநல மருத்துவர் சங்கம் 2019லேயே சொல்லிவிட்டது. வியாபாரம் நிற்கவில்லை.

எதிர்த்திசையிலும் ஒரு கேள்வி உண்டு: குணம் உடம்பைக் கெடுக்குமா? 1950களின் இறுதியில் சான்பிரான்சிஸ்கோ இதய மருத்துவர்கள் ஃப்ரீட்மேனும் ரோசன்மேனும், எப்போதும் பரபரக்கும் 'ஏ வகை' (இது ரத்த வகை அல்ல, சுபாவ வகை) ஆட்களுக்கு மாரடைப்பு அதிகம் என்றார்கள். சிகரெட் கம்பெனிகள் அந்த ஆய்வுகளுக்குப் பணத்தைக் கொட்டின. குற்றம் குணத்தின் தலையில் விழுந்தால் புகைக்கு லாபம்தானே. பிற்கால ஆய்வுகளில் அந்தத் தொடர்பு வெகுவாகத் தேய்ந்து, பகைமை உணர்வு ஒன்றில் கொஞ்சம் மிஞ்சியது. புற்றுநோய்க்கு ஆளாகும் குணம் ஒன்று உண்டு என்று ஐசெங்கும் எழுதினார், அவருக்கும் சிகரெட் பணம் வந்தது. அவர் இறந்து 22 வருடம் கழித்து, 2019இல், லண்டன் கிங்ஸ் கல்லூரியின் விசாரணை அவர் பங்கேற்ற 26 கட்டுரைகளை நம்பத்தகாதவை என்று அறிவித்தது. குணத்தையே பேச்சு வைத்தியத்தால் மாற்ற முடியுமா என்ற கேள்விக்கான பதிலோ இதைவிட உறுதியானது. 207 ஆய்வுகளைத் திரட்டிய 2017ஆம் ஆண்டுத் தொகுப்பில், சிகிச்சை பெற்றவர்களின் பதற்றக் குணம் சில வாரங்களிலேயே கண்கூடாகக் குறைந்திருந்தது. மாத்திரை மாற்றுவதைப் பேச்சும் மாற்றுகிறது என்றால், பேச்சும் போய் இறங்குவது அதே மூளையில்தான்.

இத்தனை ஆய்வும் வீட்டுக்குப் பயன்படும் இடம் ஒன்று இருக்கிறது. 1949இல் ரிச்சர்ட் ஆஷர் என்ற ஆங்கில மருத்துவர், மனநோய் என்று முத்திரை குத்தப்பட்ட 14 பேரைப் பற்றி எழுதினார். அவர்களுக்கு இருந்தது தைராய்டு குறைபாடு. சுரப்பு மருந்து கொடுத்ததும் பெரும்பாலோர் தெளிந்தார்கள். தைராய்டு கூடினால் எரிச்சலும் படபடப்பும் வரும். குறைந்தால் எதிலும் ஒட்டாத சோம்பல் வரும். நெற்றிப்பக்க மூளை தேயும் ஒருவகை மறதிநோய், நினைவு நன்றாக இருக்கும்போதே முதலில் இரக்கத்தையும் கூச்சத்தையும் தின்றுவிடுகிறது. அதனால் நல்ல மருத்துவர், 'இவர் ரொம்பக் கோபக்காரர்' என்று வீட்டார் சொல்லும்போது கோபத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன், 'எப்போதிலிருந்து?' என்று கேட்கிறார். 'கல்யாணமான நாள்லேர்ந்தே இப்படித்தான் டாக்டர்' என்றால் அது ஒரு பாதை. 'போன தீபாவளி வரைக்கும் இப்படி இல்லை' என்றால் ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதுகிறார், சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம் மேஜைமேல் எடுத்து வைக்கச் சொல்கிறார்.